முகச் சுருக்கத்துக்கும் வற்றிய கன்னத்துக்கும் ஃபில்லர் ஊசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபில்லர் போட்டுக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களும், போட்டுக்கொண்டு வந்து கண்ணாடி முன் கவலையோடு நிற்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. ஊசி போட்ட இடம் வெளுத்திருக்கிறது, வலி கூடிக்கொண்டே போகிறது என்ற நிலையில் நீங்கள் இங்கே வந்திருந்தால், படிப்பதை நிறுத்திவிட்டு ஊசி போட்ட மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். பார்வையில் சிறு மாற்றம் தெரிந்தாலும் கண் அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அந்த நிமிடமே கிளம்புங்கள்.

ஃபில்லர் என்றால் என்ன? சுருக்கம் எப்படிக் குறைகிறது?

தோலுக்கு அடியில் ஊசி வழியாக வைக்கப்படும் ஜெல்தான் ஃபில்லர். பள்ளம் விழுந்த இடத்தை உள்ளிருந்து தூக்கிக் கொடுக்கும்.

வயதாகும்போது தோல் மட்டும் தளர்வதில்லை. கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் இருக்கும் கொழுப்புத் திட்டுகள் வற்றுகின்றன. கண்குழியின் விளிம்பு எலும்பும் மேல்தாடை எலும்பும் தேய்ந்து பின்வாங்குகின்றன. தாங்கிநின்ற மேடு இறங்கியதும் மேலே இருக்கும் தோல் மடிந்து விழுகிறது. மூக்கோரத்தில் தொடங்கி வாயோரம் வரை இறங்கும் கோட்டைக் காட்டி “இதை மட்டும் நிரப்பிவிடுங்கள்” என்று கேட்டு வருபவர்கள்தான் அதிகம். ஆனால் பலருக்கு அந்தக் கோடு விழக் காரணம், அதற்கு மேலே கன்னம் வற்றியதுதான். கோட்டுக்குள்ளேயே ஜெல்லைக் கொட்டிக்கொண்டு போனால் வாயைச் சுற்றி உப்பிப்போய், முகம் கனமாகத் தெரியும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கன்ன எலும்பின் மேல் இரண்டு விரலை வைத்து, காதின் மேல்நுனியை நோக்கி அரை சென்டிமீட்டர் மட்டும் மெல்ல ஏற்றுங்கள். கோடு பாதியாவது மறைந்தால், வேலை கன்னத்தில் இருக்கிறது. எவ்வளவு ஏற்றினாலும் பேனாவால் கீறியதுபோல் மெல்லிய வரி அப்படியே நின்றால், குறை தோலில் இருக்கிறது. அதற்கு ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) க்ரீம், லேசர், நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங் போன்றவைதான் உதவும். ஃபில்லரால் அங்கே பெரிய பலன் இல்லை.

போடாக்ஸும் இதுவும் ஒன்றா?

இல்லை. போடாக்ஸ் தசையைத் தளர்த்தும் மருந்து. நெற்றியைச் சுருக்கும்போதும், கண்ணை இடுக்கிச் சிரிக்கும்போதும் விழுகிற வரிகளுக்கு அது. சில நாட்களில் வேலை செய்யத் தொடங்கி மூன்று, நான்கு மாதம் நிற்கும். முகம் அசையாமல் இருக்கும்போதும் தெரிகிற பள்ளத்துக்கும் வற்றலுக்கும் ஃபில்லர். புருவ மத்தி வரிக்கு முதலில் போடாக்ஸ் போட்டு, இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்பதே நல்லது. அங்கே ஃபில்லர் போடுவது ஏன் ஆபத்து என்பது கீழே வருகிறது.

எத்தனை வகை இருக்கிறது? எது நல்லது?

முதல்முறை போடுபவருக்கு எங்கள் பதில் ஒன்றுதான்: ஹைலூரானிக் அமில ஜெல். இந்தப் பொருள் நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயல்பாகவே இருக்கிறது. அப்படியே ஊசியில் போட்டால் ஓரிரு நாளில் உடல் அதைச் சிதைத்துவிடும் என்பதால், மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து ஜெல்லாக்குகிறார்கள். இதன் பெரிய பலம், ஹைலூரானிடேஸ் என்ற நொதியை ஊசியில் போட்டால் கரைந்துவிடும் என்பது. தவறு நடந்தால் திரும்பி வர வழி இருக்கிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2003 டிசம்பரில் ரெஸ்டிலேன் என்ற ஜெல்லுக்கு அனுமதி கொடுத்தது. அதற்கு முன் பல ஆண்டுகள், தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனை மாட்டிலிருந்து எடுத்துப் போடுவதுதான் புழக்கத்தில் இருந்தது. முன்கூட்டியே கையில் ஒவ்வாமைச் சோதனை செய்துதான் அதைப் போட வேண்டியிருந்தது. சில மாதங்களில் கரைந்தும் போனது.

கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட் கெட்டியானது. கன்னம், தாடை விளிம்பு போன்ற இடங்களில் ஆழமாகப் போடுவார்கள். ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் நிற்கும். உதட்டிலும் கண்ணடியிலும் போடக்கூடாது, கட்டிகட்டியாகத் தங்கிவிடும்.

பாலி-எல்-லாக்டிக் அமிலம் பொடியாக வரும், தண்ணீரில் கலக்கிப் போடுவார்கள். அன்றைக்குத் தெரியும் உப்பல் கலந்த தண்ணீர்தான், சில நாளில் வற்றிவிடும். அதன்பிறகு உடலே அங்கே கொலாஜனை உருவாக்கிக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு, மூன்று முறை போட வேண்டியிருக்கும். போட்ட பின் ஐந்து நாள், தினம் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் மசாஜ் செய்யச் சொல்வார்கள். இந்த மசாஜ் இந்த மருந்துக்கு மட்டும்தான், மற்ற ஃபில்லர்களுக்குப் பொருந்தாது.

இந்த இரண்டையும் கரைக்க நம்பகமான மருந்து கிடையாது. பிஎம்எம்ஏ என்ற நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள் கொண்ட நிரந்தர ஃபில்லரும் அப்படியே. முகம் வருடந்தோறும் மாறிக்கொண்டே இருக்கும், அது மட்டும் போட்ட இடத்திலேயே நிற்கும். திரவ சிலிக்கோன் ஊசியை முகத்துக்கு யார் சிபாரிசு செய்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். வருடங்கள் கழித்துக்கூட வீங்கும், இடம் நகரும். எடுக்க வேண்டுமென்றால் அறுவைதான் வழி, அப்போதும் முழுதாக வராது.

ஒரே ஹைலூரானிக் ஜெல்லில் ஏன் இத்தனை பெயர்கள்?

கெட்டித்தன்மை வேறு வேறு என்பதால். எலும்பை ஒட்டி வைத்துக் கன்னத்தையோ மோவாயையோ தூக்க வேண்டுமென்றால், அழுத்தினாலும் நசுங்காத கெட்டி ஜெல் வேண்டும். உதடு ஓயாமல் அசையும் இடம், அங்கே மென்மையாக வளைந்து கொடுப்பது வேண்டும். கண்ணுக்கடியில் தண்ணீரை அதிகம் இழுக்காத ஜெல்தான் சரி, இல்லையென்றால் காலையில் எழுந்ததும் பை தொங்கும். கெட்டி ஜெல்லை உதட்டில் போட்டால் கொழுக்கட்டைபோல் தட்டுப்படும். மென்மையானதை மோவாயில் போட்டால் தசை அழுத்தியே பரப்பிவிடும்.

எவ்வளவு ஜெல் தேவைப்படும்?

ஒரு சிரிஞ்சில் பெரும்பாலும் 1 மில்லி இருக்கும். டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். முகம் முழுக்க மாறிவிடும் என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு முதலில் இந்த அளவைத்தான் காட்ட வேண்டும்.

கண்ணடிப் பள்ளத்துக்கு ஒரு பக்கம் 0.2 முதல் 0.5 மில்லி. உதட்டுக்கு மொத்தம் 0.5 முதல் 1 மில்லி. கன்னத்துக்கும் மூக்கோரக் கோட்டுக்கும் ஒரு பக்கம் 0.5 முதல் 1 மில்லி. மோவாய்க்கு ஏறக்குறைய 1 மில்லி. நன்றாக வற்றிய முகத்துக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் போட்டு முடிக்காமல், இரண்டு முதல் நான்கு வாரம் விட்டு, வீக்கம் வடிந்த முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் போடுவதே நல்ல வழக்கம். குறைவாகப் போட்டதில் சேர்த்துக்கொள்வது சுலபம்.

எவ்வளவு நாள் நிற்கும்?

ஹைலூரானிக் ஜெல் ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை. அசைவு அதிகமுள்ள உதட்டில் சீக்கிரம் குறையும், கண்ணடியிலும் நெற்றிப்பொட்டிலும் நீண்டு நிற்கும். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது சிலருக்கு வருடங்கள் கழித்தும் ஜெல் மிச்சம் இருந்தது தெரிந்திருக்கிறது. அதனால் “ஆறு மாதம் ஆயிற்று, காலியாகியிருக்கும்” என்று காலண்டரைப் பார்த்து மறுபடி மறுபடி போடாதீர்கள். முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மேல் உதட்டுக்கு மேலே, மீசை இடத்தில் மேடு தட்டுவது பெரும்பாலும் இப்படிப் பழையதன்மேல் புதியதைச் சேர்த்ததால் வருவது.

யார் போடக்கூடாது?

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போட வேண்டும். ஊசி போடும் இடத்தில் பரு, புண், தோல் தொற்று இருந்தால் ஆறும்வரை பொறுக்க வேண்டும். பல்லில் சீழ், சைனஸ் தொற்று, காய்ச்சல் இருந்தாலும் அப்படியே, ஏனென்றால் இரத்தத்தில் வரும் கிருமிகள் ஜெல்லில் ஒட்டிக்கொள்ளும். லிடோகெயின் (மரத்துப்போகச் செய்யும் மருந்து) ஒவ்வாமை, கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சி வந்த வரலாறு, இரத்தம் உறையாத நோய், தீவிரமாக இருக்கும் தன்னெதிர்ப்பு நோய் ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். உதட்டோரம் அடிக்கடி அக்கி வருபவர்களுக்கு முன்கூட்டியே வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுப்பார்கள். தேனீ கொட்டி உடல் முழுக்க வீங்கிய அனுபவம் உண்டா என்பதையும் சொல்ல வேண்டும். கரைக்கும் நொதி அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

முன்கூட்டியே என்ன செய்ய வேண்டும்?

மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, ஜிங்கோ, பூண்டு மாத்திரை ஆகியவற்றை ஒரு வாரம் முன்பே நிறுத்தினால் கன்றிப்போவது குறையும். வலிக்காக இபுப்ரொஃபென் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ சாப்பிடும் ஆஸ்பிரினையும் மற்ற இரத்தம் உறையாமைக்கான மருந்துகளையும் நீங்களாக நிறுத்தவே கூடாது. முகம் கன்றினால் பத்து நாளில் சரியாகிவிடும்.

பல் சுத்தம் செய்வது, தடுப்பூசி இரண்டையும் ஃபில்லரிலிருந்து முன்னும் பின்னும் இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். கல்யாணம், விழா இருந்தால் குறைந்தது ஒரு மாதம் முன்பே முடித்துவிட வேண்டும்.

அன்றைக்கு என்ன நடக்கும்?

முதலில் வெளிச்சத்தில், மேக்கப் இல்லாத முகத்தை நேராகவும் இரு பக்கமாகவும் படம் எடுப்பார்கள். இந்தப் படத்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒரு பக்கம் பெரிதாகிவிட்டதே என்று பிறகு தோன்றும்போது, முன்பே அப்படித்தான் இருந்ததா என்று பார்க்க வேறு வழி இல்லை. உட்கார்ந்த நிலையில் குறி போடுவார்கள், ஏனென்றால் படுத்தால் கன்னம் பின்னால் சரிந்து பள்ளமே மறைந்துவிடும். மரத்துப்போகும் க்ரீமை இருபது, முப்பது நிமிடம் பூசி வைப்பார்கள். பெரும்பாலான ஜெல்களில் 0.3 சதவீதம் லிடோகெயின் ஏற்கெனவே கலந்திருப்பதால் இரண்டாவது குத்திலிருந்து வலி தணியும். முகத்தைக் குளோர்ஹெக்சிடின் போன்ற கிருமிநாசினியால் துடைப்பார்கள். அது கண்ணில் படக்கூடாது.

ஊசியா, கேனுலாவா என்று கேட்பீர்கள். கூர்மையான ஊசி துல்லியமானது, எலும்பின்மேல் சிறு துளியாக வைக்கவும் உதட்டின் ஓரத்துக்கும் ஏற்றது. கேனுலா முனை மழுங்கியது. ஒரே துளை வழியாக உள்ளே போய் நரம்பையும் நாளத்தையும் விலக்கிக்கொண்டு நகரும், கன்றல் குறையும். ஆனால் மிக மெல்லிய கேனுலா ஊசி மாதிரியே நாளத்தைத் துளைக்கக்கூடியது. 25 கேஜ், அதைவிடத் தடியான 22 கேஜ் என்றால் பாதுகாப்பு கூடுதல். எண் குறையக் குறைய தடிமன் கூடும் என்பதை நினைவில் வையுங்கள். எதை எடுத்தாலும் கை மெதுவாக அழுத்த வேண்டும். ஒரே புள்ளியில் 0.1 மில்லிக்கு மேல் ஒரே மூச்சில் தள்ளக்கூடாது.

போட்ட பிறகு எது இயல்பு?

வீக்கம் முதல் இரண்டு நாள் ஏறும், பிறகு வடியும். உதடு மறுநாள் காலையில் பயமுறுத்தும் அளவுக்கு இருக்கும், மூன்றாம் நாள் பாதியாகும். கன்றிய நிறம் ஏழு முதல் பத்து நாள். தொட்டால் வலி, சிறு உருண்டை தட்டுப்படுவது எல்லாம் இரண்டு வாரத்துக்குள் அடங்கும். அதற்கு முன் அளவைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அன்று மேக்கப் வேண்டாம். ஒன்று, இரண்டு நாள் ஓட்டம், ஜிம், நீராவிக் குளியல், மது தவிருங்கள். தலையை உயர்த்திப் படுங்கள். துணி சுற்றிய ஐஸை ஒரு தடவைக்கு ஐந்து, பத்து நிமிடம் வைக்கலாம். மருத்துவர் சொல்லாமல் அழுத்தித் தேய்க்கக்கூடாது.

கண் பார்வை போகும், தோல் கறுத்துச் செத்துப்போகும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அரிது, ஆனால் நடக்கிறது. ஜெல் இரத்த நாளத்துக்குள் புகுந்தால் அந்த நாளம் ஊட்டும் தோலுக்கு இரத்தம் நிற்கும். அழுத்தித் தள்ளினால் ஜெல் எதிர்த்திசையில் ஏறி, கண்ணுக்குப் போகும் தமனிவரை சென்றுவிடலாம். அழுத்தம் விட்டதும் இரத்த ஓட்டம் அதை விழித்திரை நாளத்துக்குள் கொண்டுபோகும். புருவ மத்தி, மூக்கு, நெற்றி, மூக்கோரக் கோடு ஆகிய இடங்களின் நாளங்களுக்குக் கண் தமனியோடு நேரடித் தொடர்பு இருப்பதால்தான் அங்கே ஆபத்து அதிகம். பிஸ்டனைப் பின்னால் இழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் நல்லதுதான். ஆனால் இரத்தம் வராவிட்டால் நாளத்தில் இல்லை என்று அர்த்தம் கிடையாது. ஊசிக்குள் கெட்டி ஜெல் அடைத்துக்கொண்டிருக்கும்போது இரத்தம் பின்னால் வராமலே போகலாம்.

அடைப்பு எப்படித் தெரியும்? ஊசி போட்டவுடன் தோல் திட்டாக வெளுக்கும். பிறகு வலைபின்னியதுபோல் நீலமும் சிவப்பும் கலந்த கோடுகள் பரவும். மாநிறம், கறுப்பு நிறத் தோலில் இந்த வெளுப்பு சட்டென்று கண்ணில் படாது, சாம்பல் பூத்ததுபோல்தான் இருக்கும். ஆகவே உதட்டின் உட்பக்கத்தையும் ஈறையும் சேர்த்துப் பாருங்கள். விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். எதிர்ப்பக்கக் கன்னத்திலும் அதே மாதிரி அழுத்தி ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மூன்று, நான்கு நொடி ஆகிறதென்றால் சந்தேகப்பட வேண்டும். மூக்கோரக் கோட்டில் போட்டிருந்தாலும் அறிகுறி மூக்கின் நுனியிலோ மேல் உதட்டிலோ தெரியலாம். நாளம் போகும் வழியில்தான் சேதம் வரும், குத்திய இடத்திலேயே வர வேண்டும் என்பதில்லை. லிடோகெயின் மரத்துவைத்திருப்பதால் முதல் சில மணி நேரம் வலியே இல்லாமலும் போகலாம். வீட்டுக்கு வந்தபின் வலி ஏறினால் “வீக்கம்தான்” என்று தூங்கப் போகாதீர்கள். மூன்றாம் நாள் பருபோல் சீழ்க் கொப்புளங்கள் வரும்போது பலர் அதைத் தொற்று என்று நினைத்துக் க்ரீம் பூசுகிறார்கள். அது இரத்தமில்லாமல் தோல் செத்துக்கொண்டிருப்பதன் அடையாளம்.

சிகிச்சை ஹைலூரானிடேஸ், அதுவும் தாராளமாக. சின்ன உருண்டையைக் கரைக்கச் சில பத்து யூனிட் போதும். அடைப்புக்கு அந்தக் கணக்கு உதவாது. பாதிக்கப்பட்ட தோல் முழுவதும் பரவும்படி ஒரு பகுதிக்கு 500 யூனிட் அளவில் போட்டு, மசாஜ் செய்து, ஒரு மணி நேரத்தில் நிறம் திரும்பவில்லை என்றால் மறுபடி போடுவார்கள். வெதுவெதுப்பான ஒத்தடமும், ஒத்துக்கொள்பவர்களுக்கு ஆஸ்பிரினும் சேரும். ஐஸ் வைக்கவே கூடாது, நாளம் இன்னும் சுருங்கும். தோலுக்குச் சில மணி நேரம் அவகாசம் இருக்கிறது. விழித்திரைக்கு அப்படி இல்லை, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் மீளமுடியாத சேதம் வந்துவிடும். திடீர்க் கண்வலி, பார்வை மங்கல், இமை தொங்குதல், இரட்டைப் பார்வை, கடும் தலைவலி, பேச்சுக் குழறல் எது வந்தாலும் காத்திருக்க நேரமில்லை.

கண்ணடியில் நீலமாகத் தெரிகிறது. கன்றியதா?

இரண்டு வாரம் கழிந்தும் போகவில்லை என்றால் கன்றியது இல்லை. மெல்லிய தோலுக்கு மிக அருகில் ஜெல்லை வைத்துவிட்டால் ஒளி சிதறி நீலமாகத் தெரியும். டிண்டால் விளைவு என்பார்கள். கன்சீலர் பூசி மறைக்க வேண்டியதில்லை, கொஞ்சம் நொதி போட்டால் மறையும்.

பல மாதம் கழித்துத் திடீரென்று கட்டி வீங்குகிறது, ஏன்?

இரண்டு காரணங்கள். ஒன்று, ஜெல்லைச் சுற்றிக் கிருமிகள் மெல்லிய படலமாக ஒளிந்திருந்து கிளம்புவது. இன்னொன்று, சளிக் காய்ச்சலோ தடுப்பூசியோ வந்தபின் உடலின் எதிர்ப்புச் சக்தி ஜெல்லைப் புதிதாகக் கண்டுகொள்வது. 2020 டிசம்பரில் மாடர்னா கோவிட் தடுப்பூசிச் சோதனையில், முன்பு ஃபில்லர் போட்டிருந்த சிலருக்கு முகமும் உதடும் வீங்கியதை எஃப்டிஏ பதிவு செய்தது. சிகிச்சைக்குப்பின் சரியானது. கட்டி சூடாக, சிவந்து, வலித்தால் முதலில் ஆன்டிபயாடிக் தொடங்கி, பிறகுதான் கரைப்பார்கள். தொற்று இருக்கும்போது நொதியை மட்டும் போட்டால் கிருமி பரவும். தொற்று இருக்கிறதா என்று தெரியாமல் ஸ்டீராய்டு ஊசி போடுவதும் தவறு.

பிடிக்கவில்லை என்றால் கரைத்துவிடலாமா?

ஹைலூரானிக் ஜெல்லாக இருந்தால் மட்டும். நொதி போட்ட சில மணி நேரத்தில் தணியத் தொடங்கும், இரண்டு நாளில் பெரும்பகுதி போய்விடும். உங்கள் சொந்தத் தோலில் இருக்கும் ஹைலூரானிக் அமிலமும் கொஞ்சம் குறையும், உடல் அதை மறுபடி உருவாக்கிக்கொள்ளும். திரும்பப் போட வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

ஊசியே இல்லாத பேனா வந்திருக்கிறதே?

வேண்டாம். காற்றழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் அடிக்கும் கருவி அது. எவ்வளவு ஆழம், எந்த இடம் என்ற கட்டுப்பாடு யார் கையிலும் இல்லை. எஃப்டிஏ 2021 அக்டோபரில் இதை எதிர்த்து வெளிப்படையாக எச்சரித்தது. ஆன்லைனில் ஜெல் வாங்கி வீட்டில் தாங்களே ஊசி போடுவதும் இதே கதைதான், அடைப்பு வந்தால் கரைக்க ஆள் இருக்காது.

மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி: “ஹைலூரானிடேஸ் இப்போது, இந்த அறையில், காலாவதி ஆகாமல் இருக்கிறதா? எத்தனை யூனிட்?” வரவழைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தால் அங்கே போட்டுக்கொள்ளாதீர்கள். இரவு பத்து மணிக்கு வலித்தால் எந்த எண்ணில் கூப்பிடுவது, யார் எடுப்பார் என்றும் கேளுங்கள். பெட்டியை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், லாட் எண், காலாவதித் தேதி உள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்து வையுங்கள். வேறு ஊரில், வேறு மருத்துவர் உங்களைப் பார்க்க நேர்ந்தால் உள்ளே இருப்பது கரையக்கூடியதா என்பதை அந்த ஒரு படம்தான் சொல்லும். “மிச்சத்தை அடுத்த முறைக்கு வைத்திருக்கிறேன்” என்பவரிடம் சம்மதிக்காதீர்கள். திறந்த சிரிஞ்சு ஒரே தடவைக்குத்தான்.

முகத்துக்கு ஸ்கேன் எடுக்கும்போது சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். கால்சியம் ஃபில்லர் எக்ஸ்ரேயிலும் சிடி ஸ்கேனிலும் வெள்ளையாகத் தெரியும். மற்றவையும் கட்டி என்று தப்பாகப் படிக்கப்படலாம்.

நிறுத்திவிட்டால் முகம் முன்பைவிட மோசமாகத் தொங்குமா?

சரியான அளவில் போட்டிருந்தால் தொங்காது. ஜெல் கரையக் கரைய, அந்த வயதில் இருக்க வேண்டிய முகம் திரும்பி வரும். இடைப்பட்ட வருடங்களின் வற்றலும் சேர்ந்து தெரிவதால்தான் மோசமானதுபோல் தோன்றுகிறது. முதல்நாள் எடுத்த படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் அளவுக்கு மீறி நிரப்பி, தோலை இழுத்து வைத்தவர்களுக்கு மட்டும் கரைத்தபின் கொஞ்சம் தளர்ச்சி தெரியலாம்.